வார்டில் யாருக்கு பேலியேட்டிவ் கேர் தேவை? புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ்களுக்கு

'டாக்டர் கைவிரித்த பிறகு கொடுப்பதுதான் பேலியேட்டிவ் கேர்' என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தீவிர நோயில் வலி, மூச்சுத்திணறல் போன்ற அவதிகளைத் தணிக்கும் சிகிச்சை இது. கீமோ, டயாலிசிஸ் நடக்கும்போதே சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் யாருக்கு வேண்டும் என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமே! நாள் முழுக்கக் கட்டில் பக்கத்தில் நிற்கிற நம்மால்தான் அது முடியும்.

1. முதலில் கேஸ் ஷீட். புற்றுநோயை மட்டும் தேடாதீர்கள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் இதயச் செயலிழப்பு, சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், முற்றிய கிட்னி நோய், வயிற்றில் நீர் கோத்த சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்), மறதி நோய் எல்லாமே கணக்கில் வரும். சமீபத்தில் எத்தனை தடவை அவசரமாக அட்மிட் ஆனார் என்றும் பாருங்கள்.

2. நடமாட்டத்தைக் கேளுங்கள். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். "எப்படி இருக்கீங்கப்பா?" என்றால் "நல்லாத்தான் இருக்கறனுங்க" என்றுதான் பதில் வரும். ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் என்னிடம் அதையேதான் சொன்னார். "தீபாவளிக்கு எதுவரைக்கும் நடந்தீங்க?" என்று மாற்றிக் கேட்டேன். மருமகள் சொன்னார்: "அப்ப மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டப் போனாருங்க. பொங்கலுக்குக் கட்டுத்தரையோட சரி. இப்பத் திண்ணைக்கே நாந்தான் புடிச்சுக் கூட்டிட்டு வர்றனுங்க." காடு, கட்டுத்தரை, திண்ணை. எந்த ஸ்கேனிலும் இது வராது. பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிகிறது என்றால் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

3. உடம்பு இளைத்திருக்கிறதா? முன்பு எடை பார்த்த பழைய சீட்டு பெரும்பாலும் கையில் இருக்காது. அரைஞாண் கயிறு தொளதொளவென்று இறங்கி நிற்கிறதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று குளிப்பாட்டும்போதே தெரிந்துவிடும்.

4. வலி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கலாம். ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் "பொறுத்துக்கலாமுங்க" என்பார்கள். அதனால் "ராத்திரி வலியில எத்தனை தடவை முழிச்சீங்க?" என்றும் கேளுங்கள். அப்புறம் மூச்சுத்திணறல், குமட்டல், மலச்சிக்கல்.

5. உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 'இவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?' 'இருக்காது' என்று மனதில் பட்டால் டாக்டரிடம் பேச அது போதும். இது ஆயுள் கணிப்பு அல்ல. குடும்பத்தாரிடம் சொல்லவே கூடாது. எடின்பரோவில் 2010-ல் உருவான ஸ்பிக்ட் (SPICT) என்ற பட்டியல், மேலே சொன்ன அறிகுறிகளை ஒரே பக்கத்தில் தருகிறது. அதை வார்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. ரவுண்ட்ஸில் சொல்லுங்கள். "பேஷண்ட் டல்லா இருக்கார் சார்" என்று சொன்னால் காதில் ஏறாது. "மூணு மாசத்துல மூணாவது அட்மிஷன் சார், திண்ணைக்குக்கூட ஆள் துணை வேணும், வலியில தூக்கமில்லை" என்று சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் சேர்க்கக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை தருகிறார்கள். கூட இருக்கிற மருமகளையும் ஓரமாக அழைத்து, "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சுங்க அம்மிணி?" என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.