கணவர் மறைந்த பின் வெளி வேலைகளைக் கையில் எடுத்துக்கொள்வது எப்படி?

வெளி வேலைகள் அனைத்தையும் கணவரே பார்த்துவந்த வீடுகளில், பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பியதும், வங்கி, ரேஷன் கடை, கரண்ட் பில், சிலிண்டர் என்று எல்லாம் ஒரே வாரத்தில் மனைவியின் தலையில் வந்து விழுகின்றன. அந்த நேரத்தில் மகனிடமோ கொழுந்தனாரிடமோ மொத்தத்தையும் ஒப்படைத்துவிடத் தோன்றுவது இயல்பே. ஆனால் பாஸ்புக்கும் கைபேசியும் ஒருமுறை பிறர் கைக்குப் போய்விட்டால், கேட்டு வாங்குவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கவுண்டர் முன்னால் நீங்களே நில்லுங்கள். கீழே சொல்பவை தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

ஒரு நாளைக்கு ஓர் அலுவலகம் போதும். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ஒரு துணிப்பையில் எல்லா நகல்களையும், ஒரு பேனாவையும், ஒரு சிறு நோட்டையும் வைத்துக்கொண்டு, எந்த அலுவலகத்தில் யாரிடம் என்ன கொடுத்தீர்கள், என்ன சொன்னார்கள் என்பதை அங்கேயே தேதியோடு எழுதிவிடுங்கள்.

முதல் வேலை இறப்புச் சான்றிதழ். இறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயர். ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்புக்கில் வேறு விதமாகவும் இனிஷியல் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்த ஓர் எழுத்துக்காகப் பின்னால் ஒவ்வொரு கவுண்டரிலும் திருப்பி அனுப்புவார்கள் என்பதால், திருத்தம் வேண்டுமானால் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு தாசில்தார் வழங்குவார். விண்ணப்ப எண் உள்ள ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். நியாயமான காலத்தைத் தாண்டியும் அசைவில்லை என்றால், திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மனுக் கொடுக்கலாம்.

கணவரின் சிம் கார்டை அவசரப்பட்டு நிறுத்திவிட வேண்டாம். உங்கள் ஆதாரும், காஸ் இணைப்பும், ரேஷன் அட்டையும்கூட அவர் எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கலாம். அந்த எண் போய்விட்டால் ஓடிபி எதுவும் வராது. எல்லாவற்றிலும் உங்கள் எண்ணை மாற்றி முடிக்கும் வரை அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். ஓடிபி எண்ணை, எவ்வளவு கனிவாகப் பேசினாலும், போனில் கேட்பவர் யாருக்கும் சொல்லக் கூடாது.

வங்கிக்குப் போகும் முன் ஒரு மதியம் ஒதுக்கி, கணவரின் பாஸ்புக்கைக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வரி வரியாகப் படியுங்கள். அவர் யாரிடமும் சொல்லாத சேமிப்பும் காப்பீடும் அங்கேதான் தெரியவரும். மே கடைசியிலோ ஜூனிலோ 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. இறப்பு எக்காரணத்தால் நேர்ந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. இந்த ஒரு வரியைக் கவனிக்காததால் உரிய பணத்தைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் ஏராளம் என்பது என்னை மிகவும் வருத்துகிறது. கணவர் பி.எஃப். பிடித்தம் உள்ள நிறுவனத்தில் பணிக்காலத்திலேயே இறந்திருந்தால், பி.எஃப். அலுவலகத்திலிருந்து மனைவிக்கு மாத ஓய்வூதியமும், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகையும் வரக்கூடும். நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

கவுண்டரில், "கூட யாரும் வரலையாம்மா?" என்ற கேள்வி வரும். "என் வீட்டுக்காரர் கணக்கு சார், நான்தான் நாமினி, என்கிட்டயே சொல்லுங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும். ஆவணங்களை முழுமையாகக் கொடுத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தொகையை வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இறந்தவரின் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பது, உங்களுக்கே சேர வேண்டிய பணமானாலும், பின்னால் வாரிசுகளுக்குள் வழக்காக முடியலாம், அதைச் செய்யாதீர்கள்.

ரேஷன் அட்டையில் கணவர் பெயரை நீக்கிக் குடும்பத் தலைவராக உங்களை மாற்ற, இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். கடையில் கைரேகை பதியாமல் போனால் பதறாதீர்கள்; பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்களுக்கு இது அடிக்கடி நடப்பது. விரலை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாக வைத்துப் பாருங்கள். மோதிர விரலில் பதிந்துவிடுவதும் உண்டு. மின் இணைப்பையும் சிலிண்டரையும் உங்கள் பெயருக்கு மாற்றுவது இவ்வளவு அவசரம் இல்லை. பில்லை மட்டும் தவறாமல் கட்டிவந்தால், ஓரிரு மாதம் கழித்துச் செய்துகொள்ளலாம்.

வேறு வருமானமோ ஆதரவோ இல்லாதவர்கள், தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023-இல் இது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது.

அலுவலகங்களைவிடத் தெருதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது. தினமும் ஒரு முழம் கொடுத்துவிட்டுப் போகும் பூக்காரம்மா, இப்போது கூடையை இடுப்பில் அணைத்தபடி, உங்கள் வாசலைப் பார்க்காமல் வேகமாகக் கடந்துபோவார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்களே கூப்பிட்டு, "வழக்கம்போல ஒரு முழம் குடுத்துட்டுப் போம்மா" என்று சொல்லிவிடுங்கள். அது சாமிப் படத்துக்கா உங்கள் தலைக்கா என்பது உங்கள் விருப்பம்; பூவுக்கும் பொட்டுக்கும் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை. காலையில் எதிரே வருபவர் முகம் சுளித்தால், ஒதுங்கி நிற்காமல் உங்கள் வழியில் நடங்கள். "எவ்வளவு பணம் வந்தது?" என்று கேட்பவர்களுக்கு, "இன்னும் எழுதிக் குடுத்துட்டுத்தான் இருக்கோம்" என்ற ஒரே பதிலை எல்லோரிடமும் சொல்லுங்கள்.

காய்கறியைக் கால் கிலோ கணக்கில், இரண்டு நாளுக்கு ஒருமுறை வாங்குங்கள். வீணாகாது, வெளியே போய் நான்கு பேரிடம் பேசவும் ஒரு காரணம் கிடைக்கும். ஒருத்திக்காக எதற்குச் சமைப்பது என்று இரவில் பட்டினி கிடப்பது இந்த மாதங்களில் பலருக்கும் பழக்கமாகிவிடுகிறது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆபத்து.

உங்கள் கணவர் கடன் வாங்கியிருந்தார் என்று யாராவது வாசலில் வந்து நின்றால், "எழுத்து இருந்தால் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இறந்தவரின் கடனுக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. உங்கள் நகையையும் சொந்தச் சம்பாத்தியத்தையும் தொட முடியாது. அதைவிடவும் கவனம் வேண்டியது, வீட்டுக்குள்ளிருந்தே நீட்டப்படும் விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் பத்திரம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் மனைவிக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும், கணவரின் தாயாருக்கும் சம பங்கு உண்டு. எந்தத் தாளை யார் நீட்டினாலும், "ரெண்டு நாள் வச்சிருந்து படிச்சிட்டுத் தரேன்" என்று சொல்லி வாங்கி வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.