இரண்டாம் பக்கத்தில் நின்றுபோன ஃபேக்ஸ்

மூன்று நாள் போராட்டம் இன்று முடிந்தது, பெரிய நிம்மதி. 12 பக்க ஒப்பந்தத்தை ஃபேக்ஸில் அனுப்பினால் முதல் பக்கம் போகும். இரண்டாவது பக்கத்தின் பாதியில் இணைப்பு அறுந்துவிடும். உருளைகளைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன், நள்ளிரவில்கூட அனுப்பிப் பார்த்தேன். பலனில்லை.

கவனிக்காமல் விட்டது இதுதான்: ஒற்றைப் பக்கக் கடிதங்கள் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. தொலைபேசியை அண்மையில்தான் இணையவழி இணைப்புக்கு மாற்றியிருந்தோம். பேச்சு தெளிவாகக் கேட்டதால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. இணையவழியில் ஒலி சிறு துணுக்குகளாகப் பிரிந்து போகிறது. பேச்சில் அப்படி ஒரு துணுக்கு வழியில் தொலைந்தால் காதுக்குத் தெரியாது. ஃபேக்ஸ் ஒலிக்கு அதுவே போதும், தொடர்பு குலைந்துவிடும். பக்கங்கள் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடுகிறது.

சரி என்று இயந்திர அமைப்பில் வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600 பிட்டாகக் குறைத்தேன். 12 பக்கமும் போய்ச் சேர்ந்தன.

அப்புறம்தான் பெறுபவரிடம் கேட்டேன். மின்னஞ்சலே போதும் என்றார். ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக அனுப்பினேன், ஒரே நிமிடம். அதே இணைய இணைப்புதான். ஆனால் வழியில் தொலையும் துணுக்கு மின்னஞ்சலில் தானாகவே மறுபடி அனுப்பப்படுகிறது. கையெழுத்தும் ஃபேக்ஸைவிடத் தெளிவாக விழுந்திருக்கிறது.