கையில் ஒரு வெள்ளைக்கல்: சேலத்துப் பிள்ளைகளோடு மண்ணையும் மலையையும் பார்க்க

சேலத்தில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை, மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல். மூன்றும் மூன்று விதப் பாறை. ஆறேழு வயதுப் பிள்ளையோடு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக, நான் என் மகளோடு செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தேவையானவை: பூதக்கண்ணாடி, காந்தம், வினிகர், இரும்பு ஆணி, ஒரு நோட்டு.

முதலில் காந்தம்

காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மழை விட்ட மறுநாள், ஓடையோரம் ஒதுங்கிக் கிடக்கும் கருமணலில் அதை மெதுவாகப் புரட்டச் சொல்லுங்கள். கரிய துகள்கள் மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். காகிதத்துக்கு மேலே பிடித்து, பைக்குள்ளிருந்து காந்தத்தை வெளியே எடுத்தால் துகள் அத்தனையும் கொட்டிவிடும். பை இல்லாவிட்டால் பிரிக்கவே முடியாது.

அந்தத் துகளில் பெரும்பாலானது மாக்னடைட் என்ற இரும்புத் தாது. கஞ்சமலையில் இதுவும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லும் பட்டை பட்டையாக மாறி மாறி இருக்கும். "இரும்பு கடையில்தானே கிடைக்கும்?" என்றாள் மகள். கஞ்சமலையைக் கை காட்டினேன், அன்றைக்கு அது போதும். பெயர்களை முதலிலேயே கொட்டினால் பிள்ளை கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

அடுத்து வெள்ளைக்கல்

இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். சுரங்கக் குழிகளுக்கு அருகே பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம், அந்தப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டாலே ஒரு துண்டு கிடைக்கும். உடைந்த முகத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், மெருகு போடாத பீங்கான் மாதிரி இருக்கும். ஆணியால் கீறச் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, ஒன்றில் முட்டை ஓட்டையும் இன்னொன்றில் வெள்ளைக்கல்லையும் போடுங்கள். ஓட்டின் மேல் சீக்கிரமே குமிழி கிளம்பும். கல் ஏறக்குறைய சும்மா கிடக்கும். இரண்டும் வெள்ளை, ஆனால் ஒன்றல்ல! முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். நம் கல் மாக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த அமிலத்தில் மிக மெதுவாகத்தான் கரையும். ஆங்கிலேயர் இந்தக் கல் கிடைக்கும் இடத்துக்கு 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணப்பாறைக் குன்றுகள், என்று பெயர் வைத்தார்கள். வெள்ளையைப் பார்த்து வைத்த பெயர்தான், உண்மையில் இங்கே 'சாக்' என்ற அந்த வெள்ளைச் சுண்ணப்பாறை கிடையாது. (கரும்பலகைச் சாக்பீஸை ஒப்பிட எடுக்காதீர்கள். பல சாக்பீஸ்கள் ஜிப்சத்தில் செய்தவை, அவையும் நுரைக்காது, பிள்ளை குழம்பிப்போகும்.)

இது எப்படி வந்தது? மெக்னீசியம் மிகுந்த பழைய பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் இறங்கி, பாறையை மெல்ல மாற்றி, நரம்பு நரம்பாக வெள்ளையாகப் படிந்தது. இதைச் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியா 2,000 டிகிரிக்கு மேலும் உருகாது. அதனால்தான் எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு இதில் செங்கல் செய்கிறார்கள்.

கடைசியாக ஏற்காடு

கிளம்பும்போது காற்றடைத்த ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் தெர்மாமீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஏற்காடு சுமார் 1,500. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் பாக்கெட் உப்பிவிடும், காது அடைக்கும். வெளியே காற்றழுத்தம் குறைகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அடிவாரத்திலும் மேலேயும் நிழலில் வெப்பம் அளந்து எழுதுங்கள், ஏழெட்டு டிகிரி வித்தியாசம் வரலாம்.

வளைவுகளில் வண்டியை நிறுத்தாதீர்கள். மேலே போய், பாதுகாப்பான இடத்தில் பாறையைப் பாருங்கள். வெளியே பழுப்பு, புதிதாக உடைந்த இடத்தில் கருநீலம். இது சார்னோக்கைட், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்த பாறை. சில இடங்களில் வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிந்திருக்கும். வெயிலும் மழையும் செய்த வேலை அது. இப்படியே மழை வெகுகாலம் பாறையைக் கழுவிக் கழுவி, அலுமினியம் அதிகமாகச் செறிந்து தங்கியதுதான் மலை உச்சிகளில் இருக்கும் பாக்சைட் என்ற அலுமினியத் தாது. வீட்டுக்கு வந்ததும் அலுமினியச் சட்டியை எடுத்துக் காட்டுங்கள்.

கொண்டு வந்த கல் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெள்ளை பெயின்ட் வைத்து எண் எழுதுங்கள். நோட்டில் அதே எண், எடுத்த இடம், தேதி, பிள்ளை கேட்ட கேள்வி. கேள்வியைப் பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.