கிட்னி பாதிப்பை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

இடுப்பு வலித்தால் உடனே 'கிட்னியில் ஏதோ கோளாறு' என்று பயந்துவிடுகிறோம். ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், இருக்கின்றன. சில பழுதானால் மிச்சமுள்ளவை அந்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும். அதனால் பாதித் திறன் போன பிறகும் ஆள் நன்றாகவே நடமாடுவார். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

படி 1: உங்களுக்கு ஆபத்து உண்டா?

சுகர், பிரஷர் இரண்டும்தான் முக்கியக் காரணங்கள். இதய நோய், உடல் பருமன், புகைப்பழக்கம், 60 தாண்டிய வயது, குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் என்பவையும் கணக்கில் வரும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குபவர்களும் இதில் சேர்த்தி. ஒன்று பொருந்தினாலும் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: இரண்டு பரிசோதனைகள்

ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஏசிஆர். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள். ஏசிஆர் என்பது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டுவது. பலர் ரத்தப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கசிவுதான் பல நேரம் முதலில் தெரியும் என்பதால், இதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

படி 3: ரிப்போர்ட்டைப் படிப்பது

கிரியேட்டினினை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 1.2 என்று வருகிறது என்று வையுங்கள். 25 வயது ஆணுக்கு அதன்படி ஈஜிஎஃப்ஆர், அதாவது வடிகட்டும் வேகம், சுமார் 86. அதே 1.2 ஒரு 70 வயதுப் பெண்ணுக்கு வந்தால் சுமார் 49தான்! ஆகவே ஈஜிஎஃப்ஆர் என்ற வரியைத் தேடுங்கள். அது 60-க்குக் கீழே இருந்தாலோ, ஏசிஆர் 30 மி.கி./கிராமைத் தொட்டாலோ கவனிக்க வேண்டும்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், நீரிழப்பு, கடும் உடற்பயிற்சி எல்லாம் அளவைத் தற்காலிகமாக மாற்றும். மாற்றம் 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது 'நாள்பட்ட' நோய். அதற்காக அதுவரை மருத்துவரைப் பார்க்காமல் இருக்க வேண்டாம். மறுபரிசோதனை எப்போது என்பதை அவரே சொல்வார்.

படி 4: உடல் காட்டும் அறிகுறிகள்

சிறுநீரில் நுரை வந்து, கொஞ்ச நேரம் ஆகியும் அடங்காமல் நிற்பது. காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம். மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுவது. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது. அப்புறம் சோர்வு, அரிப்பு, பசியின்மை, குமட்டல். இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் படி 2 இல்லாமல் எதையும் உறுதிசெய்ய முடியாது.

மூச்சுத்திணறல், சிறுநீர் வெகுவாகக் குறைவது, குழப்பமான பேச்சு இருந்தால் மட்டும் பரிசோதனை, ரிப்போர்ட் என்று உட்கார்ந்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.