மேச்சி பாலம் வழியாக நேபாளம்: சேலத்திலிருந்து கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் ஜங்ஷனில் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினால் மேற்கு வங்கத்தில் சிலிகுரியை ஒட்டிய நியூ ஜல்பைகுரி வரை வண்டி மாற வேண்டாம். டார்ஜிலிங் பார்த்தவர்கள் பலர், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, நேபாளத்தையும் எட்டிப் பார்த்துடலாம்" என்று சிலிகுரியிலிருந்து பானிடாங்கிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே மேச்சி ஆறுதான் எல்லை. பாலத்துக்கு அக்கரை நேபாளத்தின் காக்கர்பிட்டா.

குமாரபாளையத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி பவானிக்குப் போவதுபோல ஜனங்கள் சாதாரணமாகப் போய்வருவார்கள். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் அடையாளத்துக்கு ஆதார் மட்டும் போதாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் மட்டும் ஆதார் செல்லும். ஆக, தாத்தாவும் பேத்தியும் ஆதாரோடு போய்விடலாம், நடுவிலிருக்கும் அப்பா அம்மாதான் மாட்டிக்கொள்வார்கள்.

கூட வருகிறவர் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தால் கதையே வேறு. அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளை, மலேசியச் சித்தப்பா என்று இப்போது எந்தக் குடும்பத்தில்தான் ஆள் இல்லை? பார்க்க நம்மைப்போலவே இருப்பதால் யாரும் அவர்களை நிறுத்தாமலே விட்டுவிடக்கூடும். ஆனாலும் அவர்கள் இந்தியப் பக்கம் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேறும் முத்திரையும், நேபாளப் பக்கம் விசாவும் நுழைவு முத்திரையும் வாங்கியே ஆக வேண்டும். அலுவலகத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும். முத்திரை இல்லாதது பெரும்பாலும் ஊர் திரும்பும்போதுதான் தெரியும். அதற்குள் காரியம் கெட்டிருக்கும். ஒரே முறை நுழையும் இந்திய விசாவில் வந்தவர் பாலம் தாண்டினால் அந்த விசா அதோடு முடிந்தது.

இந்தியப் பதிவெண் வண்டியோடு போனால் 'பன்சார்' என்கிற சுங்கச் சீட்டு வாங்க வேண்டும். நாள் கணக்குக்குத்தான் கட்டணம். 'ரெண்டு நாள் போதும்' என்று குறைத்துக் கட்டிவிட்டு அங்கேயே தங்கினால் அபராதம். ஒரு நாள் கூடுதலாகவே கட்டுங்கள்.

கடையில் விலை கேட்டால் ஐ.சி.யா என்.சி.யா என்று சேர்த்துக் கேளுங்கள். முதலாவது நம் ரூபாய், அடுத்தது நேபாள ரூபாய். நம் 100, அங்கே 160.

நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால். எல்லையோரத்தில் போன் இந்திய டவரையே பிடித்துக்கொண்டு நம் நேரத்தைக் காட்டலாம். காத்மாண்டு ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் புறப்படும் நேரத்தை பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளவும்.