பீப்பாயில் ஊறும் காக்டெய்ல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலந்த காக்டெய்லை ஊறவைக்கச் சின்ன ஓக் மரப் பீப்பாய் வாங்கிய கையோடு போன் செய்து சந்தேகம் கேட்கும் ஓசூர், தர்மபுரி நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. ஆரம்பத்தில் நான் கோட்டைவிட்ட அதே இடங்களில்தான் அவர்களும் விடுகிறார்கள். முதலில் தண்ணீர் நிரப்பிப் பலகையை ஊறவிட்டு ஒழுகலை நிறுத்துவது போன்றவற்றைப் பீப்பாயோடு வரும் சீட்டே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘ஊற ஊற ருசி’ என்ற நம்பிக்கை

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல். ஸ்காட்ச் விஸ்கி 12 வருஷம் ஊறுகிறதே என்று கணக்குப் போடுகிறார்கள். அது ஊறுவது பெரும்பாலும் 200 லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் பீப்பாயில், அதுவும் குளிரில். நம்மிடம் இருப்பது 2 லிட்டர். பீப்பாய் சிறுத்தால் லிட்டருக்கு லிட்டர் மரம் படுகிற பரப்பு கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட நாலரை மடங்கு. அதற்கு மேல் நம்ம ஊர் வெயில். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும். பக்கத்துப் பெங்களூரில் அம்ருத் விஸ்கிக்கு 10 முதல் 12 சதவீதம் என்பார்கள். குட்டிப் பீப்பாயில் இன்னும் வேகம்.

தர்மபுரி நண்பர் ஒருவர் போர்பன் (அமெரிக்க விஸ்கி), இனிப்பு வெர்மூத், பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு) கலந்து, மன்ஹாட்டன் என்ற காக்டெய்லாகப் புதுப் பீப்பாயில் தை மாதம் ஊற்றி, மொட்டை மாடி ஷீட் ரூமில் வைத்தார். பத்து நாளில் ருசி பார்க்கச் சொன்னேன். “சும்மா இருங்கண்ணா, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போயிட்டு வந்துதான் திறப்பேன்” என்றார். திறந்தார். கால்வாசிக்கு மேல் காணோம். மிச்சத்தை வாயில் வைத்தால் புளியங்கொட்டைத் தோலை மென்ற மாதிரி நாக்கை இழுத்தது. வெர்மூத் ஒயின் வகை. மரத்தின் வழியே புகுந்த காற்று அதையும் கெடுத்திருந்தது. மூன்று பாட்டில் காசு! பழி மட்டும் பீப்பாய் மேல்.

புதுப் பீப்பாய் என்றால் ஐந்தாம் நாளிலிருந்தே ஒரு ஸ்பூன் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் பதம் வந்துவிடும். வந்த அன்றே உள்பக்கம் சுட்ட மரத்திலிருந்து உதிரும் கரித்தூளைக் காபி ஃபில்டர் பேப்பரில் வடித்துக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுங்கள். அங்கே மர வாசம் மேற்கொண்டு ஏறாது. அடுத்த ஈடுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும், முதல் ஈட்டிலேயே மரத்தின் வீரியம் நிறைய இறங்கியிருக்கும். மரம் தூக்கலாகிவிட்டாலும் கொட்டாதீர்கள். புதிதாகக் கலந்ததில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் தேறும். காற்றில் கெட்டதைத்தான் தேற்ற முடியாது.

மாங்கூழ்

கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்கூழ் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, அதனால் வரும் ஆசை. பீப்பாயில் விட்டால் மரத்துளைக்குள் போய்ப் புளிக்கும், கழுவியும் போகாது. எலுமிச்சை, பால், முட்டையும் அப்படியே. கிளாஸில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலங்காரப் பீப்பாய்

வேண்டாம். உள்ளே மெழுகோ வார்னிஷோ பூசியிருக்கலாம்.

காலியாக வைப்பது

காய்ந்தால் பலகை சுருங்கி வளையம் தளர்ந்துவிடும். அடுத்த ஈடு தள்ளிப்போனால் மலிவான வோட்காவால் நிரப்பி வையுங்கள். வெறும் தண்ணீர் நாள்பட நின்றால் பூஞ்சைதான்.

அத்திப்பள்ளி பாட்டில்

விலை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கர்நாடகச் சரக்கை வாங்கி, ஓசூர் பக்கத்து ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி எடுத்து வருவது. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் போட்டதுதான், ஆனால் இன்றும் அமலில் இருக்கிறது. “காக்டெய்லுக்குங்க சார்” என்று செக்போஸ்ட்டில் சொன்னாலும் விடமாட்டார்கள்.