யாரும் உள்ளே இறங்கத் தேவையில்லாத செப்டிக் டேங்க்

“எத்தனை உறை போடலாம் மேஸ்திரி?” கழிப்பறை கட்டக் கூப்பிடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். கும்பகோணம் பக்கத்துக் கிராமங்களில் இருபத்தாறு வருடமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். உறை என்பது சிமென்ட் வளையம். எட்டு உறையோ பத்து உறையோ குழியில் இறக்கி, மேலே மூடி போட்டுவிட்டு, அதையே செப்டிக் டேங்க் என்கிறார்கள். அதற்கு அடியில் தளமே கிடையாது. மழைக்காலத்தில் ஊற்று மேலே ஏறும்போது மலம் நேராக அந்தத் தண்ணீரில் கலந்துவிடும். எங்கள் வீட்டிலும் முதலில் உறைதான் இருந்தது. அடிபம்பு அதிலிருந்து இருபது அடிதான். ஒரு கார்த்திகையில் குடத்துத் தண்ணீரில் வாடை வந்தது, இரண்டே நாளில் வீட்டில் நாலு பேருக்கும் வயிற்றுப்போக்கு. அதிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் நின்று விளக்கிச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் தெருக் கிணற்றில் சித்திரையில் இருபது அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீர், கார்த்திகையில் ஆறு அடிக்கு வந்துவிடும். எந்தக் கணக்கும் அந்தக் கார்த்திகை மட்டத்தை வைத்துத்தான்.

உங்களுடையது தண்ணீர் எப்போதும் ஆழத்தில் கிடக்கும் மேட்டு நிலம், குடும்பமும் சிறியது என்றால் இரட்டைக் குழி போதும். சுவரில் ஓட்டை விட்டுக் கட்டிய, நாலு அடி ஆழமுள்ள இரண்டு குழிகள். ஆழம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி நடுவில் வேண்டும். ஒன்று நிரம்பச் சுமார் மூன்று வருடம் ஆகும். பிறகு வழியை மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை இரண்டு வருடம் மூடி வைத்தால் வாடையில்லாத எருவாகிவிடும். கழிவு உறிஞ்சும் லாரிக்கு வேலையே இல்லை. ஆனால் குழியின் அடிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே ஆறேழு அடி மண் இருக்க வேண்டும்.

எங்களைப் போன்ற ஆற்றங்கரைப் பூமியில் அது முடியாது. இங்கே கசியாத தொட்டி கட்டி, அதிலிருந்து தெளிந்து வரும் நீரை ஆழமில்லாத அகழியில் விட வேண்டும். அகழி கிணற்றிலிருந்து 60 அடி, வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் சேருங்கள். லாரிக் குழாய் எட்டும் இடமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

மண் தண்ணீரைக் குடிக்கிறதா என்று பார்ப்பது சுலபம். அகழி ஆழத்துக்கு ஒரு அடி அகலக் குழி தோண்டி, முதல் நாள் மாலை நிரப்பிவிடுங்கள். மறுநாள் காலையில் அரை அடித் தண்ணீர் விட்டு, ஒரு இஞ்ச் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அரை மணிக்குள் என்றால் நல்ல மண். ஒரு மணி வரை ஆனால் அகழியை நீளமாகப் போட வேண்டும். அதற்கும் மேல் என்றால் அந்த மண்ணை நம்பாதீர்கள், ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தொட்டி அளவு: ஐந்து பேருக்குக் குறைந்தபட்சம் உள்நீளம் 5 அடி, அகலம் இரண்டரை அடி, தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றேகால் அடி. திருவிழாவுக்கு ஆள் கூடும் வீடென்றால் பத்துப் பேருக்குப் போடுங்கள்: ஆறரைக்கு மூன்று, ஆழம் நாலரை. அதற்கு மேல் ஒரு அடி காலியிடம். மழைக்காலத் தண்ணீருக்குத் தப்ப, தொட்டியை ஒன்றரை அடி தரைக்கு மேலே எடுத்துவிடுவேன். கழிப்பறைத் தரையை அதற்கேற்ப உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

கழிவு நுழையும் பக்கத்திலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில் நடுச்சுவர். அதன் நடு உயரத்தில் ஓட்டைகள் விட்டு, மேலே காற்று போக இடம் விடுங்கள். நுழையும் பைப்பைவிட வெளியேறும் பைப் இரண்டு இஞ்ச் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டிலும் ‘டீ’ (T வடிவ இணைப்பு) மாட்டி, அதன் கால் தண்ணீருக்குள் ஒரு அடி இறங்கட்டும். கழிப்பறையிலிருந்து வரும் 4 இஞ்ச் பைப்புக்கு நாலடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம், அதாவது சரிவு.

இனி மூடி. பல வருடத்துக்கு முன் எங்களோடு வேலை பார்த்த ஒரு பையன், கான்கிரீட் மூடி போட்ட புதுத் தொட்டியில், அதைத் தாங்க அடியில் அடித்திருந்த சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கினான். கழிவு ஒரு சொட்டுகூட விழாத தொட்டி அது. இருபது நாள் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி, பலகை ஊறிக் கிடந்தது. ஊறிய மரம் மக்கும்போது மூடிய இடத்திலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும், விஷவாயுவும் தங்கும். கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லை என்று இன்னொருவர் இறங்கினார். கயிறு கட்டி இழுத்ததில் அவர் பிழைத்தார். பையன் பிழைக்கவில்லை.

அதன் பிறகு நான் தொட்டிமேல் சென்ட்ரிங் அடித்ததே இல்லை. முற்றத்தில் மணல் பரப்பி, ஒன்றரை அடி அகலம், மூன்று இஞ்ச் கனத்தில் கம்பி வைத்துப் பலகைகளாக வார்த்து, பத்து நாள் தண்ணீர் காட்டுவேன். நாலு பேர் தூக்கி வரிசையாக வைத்து, இடுக்கைக் கலவையால் அடைத்தால் முடிந்தது. இரண்டு அறைக்கும் தனித்தனி மேன்ஹோல் மூடி விடுங்கள். உள்பூச்சு, டீ, நடுச்சுவர் எல்லாம் மேலே திறந்திருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். காற்றுக் குழாய் கூரையைவிட ஆறேழு அடி உயரத்தில், வாயில் கொசுவலையோடு.

மூடிப் பலகை வைக்குமுன் வெளியேறும் பைப் மட்டம்வரை தண்ணீர் நிரப்பிச் சுவரில் கோடு போடுங்கள். மறுநாள் அரை இஞ்சுக்கு மேல் இறங்கியிருந்தால் கசிவு. பூச்சைத் திரும்பப் பூசச் சொல்லுங்கள், கூலி கொடுப்பதை அதுவரை நிறுத்தி வைத்தாலும் தப்பில்லை. கசியாவிட்டால் அந்தத் தண்ணீர் அப்படியே இருக்கட்டும்.

அகழி இரண்டடி ஆழம் போதும். ஜல்லி பரப்பி, ஓட்டை போட்ட பைப் வைத்து, மேலும் ஜல்லி மூடி மண் போடுங்கள். பக்கத்தில் தென்னை வைக்காதீர்கள், வேர் பைப்பைத் தேடி வரும். குளியலறைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தொட்டிக்கு வேண்டாம், வாழைக்குப் போகட்டும். ஆசிட்டை ஊற்றி ஊற்றிக் கழுவினால் கழிவைத் தின்னும் கிருமிகள் செத்துவிடும்.

பொங்கி வழியும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மூங்கில் கழியில் வெள்ளைத் துணி சுற்றி மேன்ஹோல் வழியாக அடிவரை விட்டு எடுங்கள். கறுப்பு எவ்வளவு உயரம் ஒட்டியிருக்கிறதோ அதுதான் சேறு. தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரியைக் கூப்பிடுங்கள். குழாய் எட்டவில்லை, ஆளை இறக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்யவும் வேண்டாம், ஊற்றுத் தண்ணீர் தொட்டியையே மேலே தூக்கிவிடும். மாசி, பங்குனிதான் சரியான நேரம். எடுத்த தேதியைக் கொல்லைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்துவிடுங்கள்.